சானடோரியம் வருது

நான் சுற்றுலா வழிகாட்டி. வெளியூர்க்காரர்களுக்கு ஊர் காட்டுவது என் தொழில். குடியிருப்பது தாம்பரம் சானடோரியத்தில். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். காசநோய் ஆஸ்பத்திரியின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட இடத்திலிருந்து ஒருத்தி தினமும் கிளம்பிப் போய் அடுத்தவர்களுக்கு ஊரின் அழகை விளக்குகிறாள் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்துவிட்டுப் போகட்டும். ஊரின் பெயர் கெடுவது என்றால் என்ன, கெட்ட பெயரோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்பதெல்லாம் எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்தத் தொழிலில் வேறு யாருக்கும் தெரியாது. அதை நான் கொஞ்சம் கர்வமாகவே சொல்வேன்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மின்சார ரயில் சானடோரியத்தில் நின்றால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார்கள். ரயில் கிளம்பியதும் மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். கிருமி ரயில்வே டைம்டேபிள் பார்த்துக்கொண்டு வரும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நான் படித்தது குரோம்பேட்டையில். வகுப்பில் என் பெயரே 'சானடோரியம்'தான். என் டிபன் பாக்ஸைத் தொடமாட்டார்கள். எலுமிச்சம் சாதம் கொண்டுபோன நாளில் மட்டும் கிருமியெல்லாம் மறந்துபோய், மூடியைத் திறப்பதற்குள் நாலு கை உள்ளே வரும்.

கல்யாணப் பத்திரிகையில் அப்பா எங்கள் முகவரியைக் கிழக்குத் தாம்பரம் என்று அச்சடித்தார். மாப்பிள்ளை வீட்டார் விழுப்புரம் பக்கம். அவர்களுக்கு எங்கள் ஊரின் உட்பிரிவெல்லாம் தெரியாது. கல்யாணம் முடிந்து ஊர் திரும்ப ரயிலேற வந்து, ஸ்டேஷன் பலகையைப் பார்த்த பிறகுதான் எங்கே பெண் எடுத்திருக்கிறோம் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. அதற்குள் தாலி கட்டியாகிவிட்டது, பந்தியும் போட்டாகிவிட்டது. என் கணவர் இன்றைக்கும் இதைச் சொல்லி என்னைச் சீண்டுவார்.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாடு பார்க்க வருகிறவர்களின் பயணத் திட்டத்தில் மாமல்லபுரம், காஞ்சிபுரம், தஞ்சாவூர், மதுரை எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். சென்னை இறங்குமிடம் மட்டும்தான். ஆனாலும் முதல் நாளில் 'சென்னை அரை நாள்' என்று ஒன்று உண்டு. கோயில், தேவாலயம், அருங்காட்சியகம், கடற்கரை, பிறகு வாழை இலையில் சாப்பாடு. அந்த அரை நாள் என்னுடையது. தஞ்சாவூரைக் காட்டுவதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, கோபுரமே பேசிவிடும். சென்னையை ஒருவருக்குப் பிடிக்க வைப்பதற்குத்தான் வேலை தெரிந்திருக்க வேண்டும். அந்த வேலை எனக்குத் தெரியும்.

அதிலும் முக்கியம், நாங்கள் 'ஏர்போர்ட் பேச்சு' என்று சொல்வது. விமானத்திலிருந்து இறங்கி, தூக்கக் கலக்கத்தோடு வேனில் ஏறி உட்கார்ந்திருப்பவர்களிடம் மைக்கைப் பிடித்துப் பேசுகிற முதல் அரைமணி நேரம் அது. ஜன்னலுக்கு வெளியே அவர்கள் பார்ப்பது ஹாரன் சத்தமும் தூசியும் தண்ணீர் லாரியும். அதே நேரத்தில் காதில் விழுவது என் குரல். இரண்டும் கலந்து ஊரைப் பற்றி ஓர் எண்ணம் உண்டாகிவிடும். அப்புறம் அதை மாற்றுவது கஷ்டம்.

பிறகு கொரோனா வந்தது. எல்லோரும் சொல்லிவிட்ட கதை, நான் என் பங்கை மட்டும் சொல்கிறேன். அதுவரை வெளியூர்க்காரர்களுக்குச் சென்னை என்றால் வெயில், இட்லி, கடற்கரை. அந்தக் கோடையில் அதெல்லாம் அழிந்துபோய் ஒரே ஒரு படம் மிஞ்சியது: ஆம்புலன்ஸ். டி.வி.யில் தமிழ்நாட்டு வரைபடத்தைக் காட்டி எங்கள் மூலைக்கு மட்டும் சிவப்பு அடித்தார்கள். வருஷா வருஷம் பிள்ளைகளின் லீவுக்கு என்னோடு ஊர் சுற்றும் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று உண்டு. அந்த அம்மாள் ஃபோன் செய்து, நிலைமை சரியானாலும் கொஞ்ச வருஷத்துக்குச் சென்னைப் பக்கம் வருவதாக இல்லை என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். மரியாதையாகச் சொன்னதால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெளியூரை விடுங்கள், சொந்த ஊரே கதவைச் சாத்தியது. என் கணவருக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர் வேலை. பட்டறையை மூடிவிட்டார்கள், கொஞ்ச நாள் ஊரில் போய் இருக்கலாம் என்று நினைத்தார். அவருடைய தம்பி எனக்கு ஃபோன் செய்தார், அண்ணனிடம் நேராகச் சொல்லத் தயக்கம்.

"அண்ணி, தப்பா நெனச்சிக்காதீங்க. இப்ப ஊருக்கு வரவேணாம். மெட்ராஸ்லேருந்து ஆள் வந்தா தெருவே ஒரு மாதிரி பாக்குது."

என் கணவர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. பிறந்த ஊர் வராதே என்று சொல்லிவிட்டது அவருக்குத் தாங்கவில்லை. எனக்கும் வலித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு அது புதிது, எனக்கு அது பழக்கமானது. ஒன்றும் இல்லை, மெட்ராஸ் முழுக்க சானடோரியம் ஆகிவிட்டது, அவ்வளவுதான் என்று சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் மோர்க் குழம்பை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

நோய் ஒருவழியாக அடங்கியது. விமானங்கள் வர ஆரம்பித்தன. நான் வழக்கமாக வேலை செய்யும் டூர் கம்பெனியின் ஏஜென்ட்டுக்கு ஃபோன் செய்தேன். என் சென்னை அரை நாள் எப்போது தொடங்குகிறது என்று கேட்டேன்.

"சென்னையை எடுத்துட்டோம் மேடம்," என்றார் அவர். ஹோட்டலில் பொங்கல் தீர்ந்துவிட்டது என்று சொல்வார்களே, அந்தத் தொனியில் சொன்னார்.

அவர் சொன்ன நியாயம் இது. வருகிறவர்கள் இப்போது நெரிசலான நகரம் என்றாலே பயப்படுகிறார்கள். சென்னை என்ற பெயரைத் தேடினால் கணினியில் முகக்கவசமும் சுடுகாடும்தான் வருகிறது. அதனால் ஏர்போர்ட்டில் இறக்கி, ஊருக்குள் நுழையாமல் நேரே மாமல்லபுரம். எனக்கும் ஒரு வேலை உண்டு: வண்டியில் கூடவே போய் அங்கே இருக்கும் வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு வரலாம். இத்தனை வருஷம் ஊரைக் காட்டியவளுக்குக் கூரியர் வேலை.

முடியாது என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. ஆனால் நான் மறுத்தால் அந்த அரை நாள் அப்படியே போய்விடும், யாரும் அதை நினைவில்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொண்டேன். முதல் குழுவை அழைத்துப் போகிறேன், அவர்கள் சந்தோஷமாக இருந்தால் அரை நாளைத் திரும்பச் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். ஒரே ஒரு புகார் வந்தாலும் அடுத்த சீசனிலிருந்து எல்லாக் குழுக்களையும் கொச்சியில் இறக்கப்போகிறார்களாம். அப்படி ஆனால் சென்னைக்கு ஏர்போர்ட்கூட மிஞ்சாது. கடைசியாக, வண்டியில் நோய், ஆஸ்பத்திரி, வெள்ளம் என்று எதையும் பேசவே கூடாது என்றார்.

எங்கள் வேன் டிரைவர் இரும்புலியூர்க்காரர். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார், அதட்டும்போது மட்டும் அண்ணனாகிவிடுவார். வாரநாளில் சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றுவார், மற்ற நாளில் டூரிஸ்ட். கம்பெனிக்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்தார்கள், டூரிஸ்டும் நின்றது, இரண்டும் போயிற்று. வேன் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து, பின் சீட்டில் ஒரு பூனை குட்டி போட்டது. நான் விஷயத்தைச் சொன்னபோது அவர் அந்த சீட்டைத்தான் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மெட்ராஸையே வாணாம்னுட்டானா? அப்ப நம்ப இன்னாத்துக்கு கீறோம்?" என்று கேட்டார். பிறகு அவரே சமாதானமாகி, வருவது வரட்டும், வண்டி ஓடினால் போதும் என்றார். மாமல்லபுரத்துக்கு எந்த வழியில் போகச் சொன்னார்கள் என்று கேட்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் போய் வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் வழியாக என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஊருக்குள் நுழையாமல் போகும் வழி என்று ஏஜென்ட் தேர்ந்தெடுத்திருந்தது எங்கள் வீட்டு வாசல் வழி. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எதையும் அவர் ஊராகவே மதிக்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு.

குழு கஸகஸ்தானிலிருந்து வந்தது. ரஷ்ய மொழி பேசுகிறவர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஆங்கிலம் தெரிந்த ஓர் இளம்பெண் மொழிபெயர்ப்பாளராகக் கூட வந்திருந்தாள். குழுவுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த அம்மாள். நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். என் கையைப் பிடித்துக் குலுக்கியதில் தோள்பட்டை வரைக்கும் ஆடியது. அவர்கள் ஊரில் அப்போது பனி கொட்டிக்கொண்டிருந்ததாம். மீனம்பாக்கத்து மார்கழி வெயிலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு முகத்தை மேலே தூக்கிக் காட்டினார்கள். இந்த ஊரை விட்டுக் கடத்திக்கொண்டு போகத்தானே வந்திருக்கிறேன் என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஏர்போர்ட் பேச்சை ஆரம்பித்தேன். இந்தியாவிலேயே முதன்முதலாகக் கற்கால மனிதனின் கல் கருவி கண்டெடுக்கப்பட்டது இதோ இந்தப் பல்லாவரத்தில்தான் என்று சொன்னேன். எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். வெளியே தெரிந்தது பிரியாணிக் கடை. இருந்தாலும் மரியாதைக்கு ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள். குரோம்பேட்டை தாண்டி வண்டி நகரவே இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி, வழியெல்லாம் சிந்திக்கொண்டு ஊர்ந்தது. அப்படியே ஊர்ந்து வந்து, சரியாக எங்கள் ஸ்டேஷன் வாசலுக்கு நேராக நின்றுவிட்டோம்.

தலைவி அம்மாள் வெளியே பார்த்தார். பெயர்ப் பலகையில் இருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். பிறகு சீட்டிலிருந்து பாதி எழுந்து, "சானடோரி!" என்றார்.

வேன் முழுக்க ஒரே குதூகலம். ஒருவர் தோளை ஒருவர் தட்டிக் காட்டினார்கள். யாரோ கை தட்டினார்கள். டிரைவர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். தாடையில் தொங்கிக்கொண்டிருந்த மாஸ்க்கை அவசரமாக மூக்குக்கு ஏற்றினார். தன் பக்கத்து ஜன்னலைத் திறந்தார்.

"இன்னாக்கா, யாருக்கு ஒடம்பு முடியலயாம்? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு கத்திகினு கீறாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் பெண்தான் விளக்கினாள். அவர்கள் நாட்டில் சானடோரியம் என்றால் விடுமுறைக்குப் போகும் இடமாம். வருஷம் பூராவும் உழைத்தவர்கள் கோடையில் குடும்பத்தோடு போய்த் தங்குவார்களாம். பைன் மரக்காடு, சேற்றுக் குளியல், ஊற்றுத் தண்ணீர், மாலையில் நடனம். தலைவி அம்மாள் தன் வீட்டுக்காரரைச் சந்தித்ததே ஒரு சானடோரியத்தில்தானாம். இந்த ஊரிலும் ஒன்று இருக்கிறதே, அது ஏன் எங்கள் திட்டத்தில் இல்லை, கடற்கரை பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள் என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சானடோரியத்தில் டான்ஸ்! என் வகுப்புப் பிள்ளைகள் இதைக் கேட்டிருக்க வேண்டும். டிரைவருக்குத் தமிழில் சொன்னேன். அவர் நம்பவில்லை. அவசரமாக என் பக்கம் சாய்ந்து, "அந்தப் பேச்சையே எடுக்காதக்கா. சொம்மா அது ஒரு ஸ்டேஷன் பேருன்னு சொல்லிட்டு போய்கினே இரு. டி.பி.ன்னு தெரிஞ்சா கொச்சிக்குத்தான் போவானுங்க. பேஜாராயிடும்," என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒரு ஸ்டேஷன் பெயர் என்று சொல்லியிருந்தால் போதும், அது பொய்கூட இல்லை. ஏஜென்ட்டின் கட்டளையும் அதுதான். தண்ணீர் லாரி நகர்ந்தால் பேச்சே முடிந்துபோகும். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த அம்மாள் இவ்வளவு சந்தோஷமாக எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்கிறார். என் வாழ்க்கையில் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் கை தட்டியதில்லை. அதை நான் மழுப்ப வேண்டுமா? கைக்குட்டை வைத்தவர்கள், தெரு ஒரு மாதிரி பார்க்கிறது என்றவர், சென்னையை எடுத்துவிட்டோம் என்றவர் எல்லோரும் ஒரே வரிசையில் மனசுக்குள் வந்து நின்றார்கள். அந்த வரிசையின் கடைசியில் நானும் போய் நிற்பதாக இல்லை. மைக்கை எடுத்தேன்.

இங்கே சேற்றுக் குளியலும் கிடையாது, நடனமும் கிடையாது என்று ஆரம்பித்தேன். இது காசநோய்க்காரர்களுக்கான ஆஸ்பத்திரி. அந்த நோய்க்குச் சரியான மருந்து இல்லாத காலத்தில், மரமும் காற்றும் உள்ள இடம் என்று பார்த்து இதை வைத்தார்கள். எங்கெங்கேயோ இருந்து நோயாளிகள் வந்தார்கள். வீட்டில் தனித் தட்டு வைத்து ஒதுக்கப்பட்டவர்கள், ஊரில் இருக்க முடியாதவர்கள் எல்லோருக்கும் இங்கே ஒரு கட்டில் கிடைத்தது. ஆஸ்பத்திரி பெயரே ஸ்டேஷனுக்கும் வந்தது, ஸ்டேஷன் பெயர் ஊருக்கும் வந்தது. இன்றைக்கும் ஆஸ்பத்திரி நடக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான், என் வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பெண் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க வண்டிக்குள் சத்தம் அடங்கியது. நான் நிறுத்தவில்லை. இதோ இந்தக் கொரோனாவில் எங்கள் நகரத்துக்கே இந்தப் பெயர் வந்தது. சொந்தக்காரர்களே எங்களை வராதே என்றார்கள். உங்களை இங்கே கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் பயந்துபோய் ஊரைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உடம்பு முடியாதவர்களை வா வா என்று கூப்பிட்ட ஊர் இது. நல்லபடியாக இருக்கும் உங்களைக் கூப்பிட எங்களுக்கு என்ன தயக்கம்?

சொல்லி முடித்து மைக்கை வைத்தேன். டிரைவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

தலைவி அம்மாள் பெயர்ப் பலகையை இன்னொரு தடவை கூட்டிப் படித்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் என்னவோ நீளமாகச் சொன்னார். அவர் போகும் சானடோரியமும் ஆரம்பத்தில் நெஞ்சு நோய்க்காரர்களுக்காகக் கட்டியதுதானாம். அவருடைய அம்மா அங்கே ஒரு குளிர்காலம் முழுக்கப் படுத்துக் கிடந்து பிழைத்து வந்தவராம். நோய் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது, இப்போது அங்கே பேரப்பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள் என்றார். சொல்லிவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டினார். இறங்கிப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று அந்தப் பெண் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குள் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனமில்லை. நோயாளிகளை வேடிக்கை பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. ஸ்டேஷனைக் காட்டுகிறேன் என்றேன். எல்லோருக்கும் பிளாட்ஃபாரம் டிக்கெட் வாங்கினேன். கவுன்ட்டரில் இருந்த பெண் எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். எங்கேயும் போகவில்லை, சானடோரியத்தையே பார்க்க வந்திருக்கிறார்கள் என்றேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, நான் விளையாடுகிறேனா என்று என் முகத்தைப் படித்தாள்.

மஞ்சள் பலகைக்குக் கீழே எல்லோரும் வரிசையாக நின்றார்கள். உயரமானவர்கள் பின்னால், தலைவி அம்மாள் நடுவில். டிரைவரையும் இழுத்து நிறுத்தினார்கள். அவர் மாஸ்க்கை இறக்குவதா வேண்டாமா என்று கடைசி வரைக்கும் யோசித்துக்கொண்டே நின்றார். ஃபோட்டோ எடுக்கும் நேரத்தில் செங்கல்பட்டு வண்டி வந்து நின்றது. ஜன்னலோரம் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். ஒருவர் மாஸ்க்கை மேலே ஏற்றினார், அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரும் ஏற்றினார், ஓர் அம்மாள் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். எத்தனையோ வருஷமாக நான் பார்த்த அதே காட்சி. ஆனால் இந்த முறை அவர்கள் பயந்தது சானடோரியத்தைப் பார்த்து அல்ல, வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்து. தலைவி அம்மாள் ஒன்றும் தெரியாமல் அவர்களுக்குக் கையாட்டினார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்புத்தானா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

வண்டி வண்டலூரைத் தாண்டுவதற்குள் ஏஜென்ட் ஃபோன் செய்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் பெண் படத்தை உடனே கம்பெனிக்கும் அனுப்பிவிட்டிருந்தாள். படத்தில் எல்லோர் தலைக்கும் மேலே கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயர். என்னை ஹலோ சொல்லவே விடவில்லை. எதைச் சொல்லக்கூடாது என்றாரோ அதன் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன் என்று கத்தினார். அவர் மூச்சு வாங்கும் வரை காத்திருந்தேன்.

"சார், புகார் வந்தா என்கிட்ட அனுப்புங்க. ஆனா அவங்க முகத்தைப் பாத்தீங்களா? இதுவரைக்கும் மெட்ராஸ்ல எடுத்த எந்த ஃபோட்டோவுலயாவது ஒருத்தர்கூட விடாம எல்லாரும் சிரிச்சிருக்காங்களா?" என்றேன்.

அவர் ஃபோனை வைத்துவிட்டார். மாமல்லபுரத்தில் குழுவை ஒப்படைத்துவிட்டு நானும் டிரைவரும் திரும்பினோம். மேடவாக்கம் பக்கம் டீ குடிக்க நிறுத்தினார். போகட்டும்க்கா, நீ சொன்னது நல்லாத்தான் இருந்தது என்று டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. என்ன புரிந்ததோ, ஏதோ புரிந்திருக்கிறது.

புகார் வரவில்லை. வந்தது வேறு. மதுரை வரைக்கும் போய்ச் சுற்றிவிட்டு, ஊருக்குத் திரும்பும் நாளில் குழு ஏஜென்ட்டிடம் கேட்டிருக்கிறது: விமானம் ராத்திரிதானே, அதுவரைக்கும் ஏன் எங்களுக்குச் சென்னையைக் காட்டக் கூடாது, அந்த சானடோரியம் அம்மாளைக் கூப்பிடுங்கள் என்று. என் பெயர் அவர்களுக்கு வாயில் நுழையவில்லை. குரோம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த அதே பெயர், கஸகஸ்தான் வழியாக என்னிடமே திரும்பி வந்தது. இந்த முறை அதைக் கேட்டு நான் எழுந்து நின்றேன். புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். கோயில், தேவாலயம், கடற்கரை, வாழை இலை. தலைவி அம்மாள் பாயசத்தை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த சீசனுக்கான திட்டத்தை ஏஜென்ட் எனக்கு அனுப்பினார். சென்னை அரை நாள் திரும்ப வந்திருந்தது. சந்தோஷத்தோடு மேலே படித்தால், முதல் வரியிலேயே 'புகழ்பெற்ற தாம்பரம் சானடோரியம் ஆரோக்கிய விடுதி' என்று போட்டிருந்தார். அவர் ஆள் அப்படித்தான். நேற்று வரைக்கும் ஒளித்ததை இன்றைக்கு ஜிகினா ஒட்டி விற்பார். ஃபோன் செய்து, அது விடுதி இல்லை, ஆஸ்பத்திரி, அதை எடுங்கள், அங்கே போவதைத் திட்டத்தில் போடவே வேண்டாம், வழியில் வரும்போது நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அப்புறம் பயந்துட்டாங்கன்னா என்றார். பயந்தால் என் பொறுப்பு என்றேன். எடுத்துவிட்டார்.

இப்போது மறுபடியும் குழுக்கள் வருகின்றன. சில பேர் வண்டியில் ஏறியதுமே கேட்பார்கள், இந்த ஊரில் தண்ணீர் குடிக்கலாமா, காற்று பரவாயில்லையா, அந்த நோய் போய்விட்டதா என்று. கேட்கட்டும், கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். என் கொழுந்தனார்கூடப் போன மாதம் குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார். நான் அவரிடம் பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. ஆனால் ஸ்டேஷனில் வழியனுப்பும்போது அந்தப் பலகைக்குக் கீழே நிற்கவைத்து ஒரு ஃபோட்டோ எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

வேனில் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. குரோம்பேட்டை தாண்டியதும் டிரைவர் தானாகவே வேகத்தைக் குறைப்பார். முன்னால் தண்ணீர் லாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடது ஓரத்துக்கு வந்துவிடுவார். அந்தப் பேச்சையே எடுக்காதே என்று என்னை அதட்டிய அதே ஆள், கண்ணாடி வழியாகப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு மைக்கை என் பக்கம் நீட்டுவார்.

"எட்துக்கோக்கா, நம்ப சானடோரியம் வருது."